டாக்டரம்மாவுக்குப் போகும் கடலை

இந்த வருடம் விருதுநகர்ப் பலசரக்குக் கடைகளில் தொங்கும் தினசரிக் காலண்டரில், லட்சுமி இருக்கவேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன். கையில் தாமரைக்குப் பதிலாக ஒரு பிடி நிலக்கடலை. சிவகாசியில் அச்சடித்தது. கன்னத்துக்கு ரோஸ், கண்ணுக்கு மை எல்லாம் அவர்களே தாராளமாகப் போட்டுவிட்டார்கள். அறுபது வயதுக்காரியை நாற்பதுக்கு இறக்கிய பெருமை ஆப்செட் தொழிலுக்கு உண்டு. படத்துக்குக் கீழே தங்க எழுத்தில் "நஞ்சில்லாக் கடலை கண்ட விஞ்ஞானி டாக்டர் யோகேஸ்வரி" என்று போட்டிருக்கிறது. அந்த வரியில் என் பெயர் ஒன்றுதான் உண்மை. மற்றது எப்படிப் பொய்யானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் படத்துக்குக் கீழே நல்ல நேரம் பார்த்துக் காரியம் தொடங்குகிறவர்கள் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் வேளாண் உயிர்வேதியியல் படித்தவள். அது என்ன படிப்பு என்று அப்பா கேட்டபோது, சாப்பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற படிப்பு என்றேன். "பசிச்சவன் அதையெல்லாம் பாக்க மாட்டான். வேல கிடைக்குமா?" என்றார். கிடைத்தது. காரியாபட்டி போகும் சாலையில் ஒரு ஆய்வு நிலையத்தில் 1997இல் சேர்ந்தேன். அன்று தொடங்கி ஓய்வு பெறும்வரை ஒரே ஒரு பொருளைத்தான் தேடினேன். கடலை ஈரத்தோடு கிடந்தால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூஞ்சாணம் பிடிக்கும். அது கக்குகிற நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. வளர்கிற பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. கடலையை வாங்கி, அரைத்து, வடித்து, அதில் இந்த நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுவது என் உத்தியோகம்.

அளப்பது சுலபம். கருவி அளந்துவிடும். சாம்பிள் எடுப்பதுதான் பெரிய வேலை. ஒரு மூட்டையில் பல்லாயிரம் பருப்பு நன்றாக இருக்கும், பத்துப் பதினைந்து கெட்டிருக்கும், மொத்த நஞ்சும் அந்தப் பத்துப் பதினைந்தில்தான் இருக்கும். அதனால் மூட்டைக்குள் குத்திச் சரக்கை இழுக்கிற கூர்முனைக் குழாய் ஒன்று உண்டு, குத்தூசி என்பார்கள். அதை மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் செருகி, வருவதை வந்தபடியே எடுக்க வேண்டும். கண் பார்க்கக் கூடாது, கை தேர்ந்தெடுக்கக் கூடாது. இதை நானே எட்டுப் பக்கக் கையேடாக எழுதி விருதுநகரின் எல்லாக் கடலை மண்டிக்கும் அனுப்பினேன். செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் மண்டியில் அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்கள். மாட்டி வைத்ததை எவன் எடுத்துப் படிப்பான்?

முதல் வருடம் நானே மண்டிக்குப் போனேன். அப்போது அண்ணாச்சியின் அப்பா, பெரிய முதலாளி, இருந்தார். மூட்டைகளுக்கு நடுவே நான் தும்மிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ஏன் தாயி இந்தத் தூசியில அலையுறீக. வாராவாரம் சாம்பிளை ஆள் போட்டு அனுப்பி வைக்கோம். மத்த மண்டிக்காரவுககிட்டயும் சொல்லிருதேன்" என்றார். எனக்கும் நிலையத்தில் குளிர்சாதன அறை இருந்தது. பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று எனக்கு நானே மரியாதை கற்பித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினோரு மண்டிகளிலிருந்தும் சாம்பிள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தது, ஒவ்வொரு பைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து.

அந்தக் கடலையில் நஞ்சு இல்லை. நூறு கோடியில் இரண்டு பங்கு, ஒரு பங்கு, சில வாரம் பூஜ்யம். மற்ற ஊர்க் கடலைகளில் முப்பது, நாற்பது என்று வந்துகொண்டிருந்த காலம். கருவி கெட்டுப்போனது என்று நினைத்து மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அதே எண். படித்தவளுக்கு ஆச்சரியம் வந்தால் சும்மா இருக்க முடியாது, உடனே ஒரு காரணம் வேண்டும். நம் கரிசல் மண், நம் வெயில், இரண்டும் சேர்ந்து கடலைத் தோலில் ஒரு துவர்ப்பை ஏற்றுகிறது, அந்தத் துவர்ப்பு பூஞ்சாணத்தை அண்டவிடுவதில்லை என்று எழுதினேன். தோலில் துவர்ப்பு இருந்தது உண்மை. எந்தக் கடலைத் தோலில்தான் இல்லை? 'கரிசல் காரணி' என்று பெயரும் வைத்தேன். பெயர் வைத்துவிட்டால் பிள்ளை வளரத்தானே செய்யும். முப்பத்தோரு கட்டுரை, ஆறு பேருக்கு டாக்டர் பட்டம், இரண்டு விருது, ரோம் நகரத்தில் ஒரு மாநாடு. ரோமில் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு கரிசல் மண்ணின் மகிமையை வெள்ளைக்காரர்களுக்கு விளக்கினேன். அவர்கள் குறிப்பெடுத்தார்கள்.

ஒரே ஒரு ஆள் நம்பவில்லை. குஜராத்தில் ஒரு விஞ்ஞானி. அவர் விருதுநகருக்கே வந்து, பஜாரில் நாலு கடையில் கடலை வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்து, எல்லாவற்றிலும் நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். நான் விடுவேனா? "கடையில் கால் கிலோ வாங்குவதெல்லாம் சாம்பிள் ஆகாது, சாம்பிள் எடுப்பதற்கென்று முறை இருக்கிறது" என்று மூன்று பக்கத்தில் மறுப்பு எழுதினேன். கூடவே என் எட்டுப் பக்கக் கையேட்டின் ஆங்கில வடிவத்தையும் இணைத்தேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அவர் வாயை அடைத்துவிட்டேன் என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் ஓய்வு பெறும் நேரம் நெருங்கியபோது செந்தூர்பாண்டி அண்ணாச்சி மகனோடு வீட்டுக்கு வந்தார். மகன் மணிகண்டராஜ் வெளிநாட்டில் வியாபாரம் படித்தவன். பச்சைப்பிள்ளைகளுக்குக் கடலைச் சத்துமாவு போடப் போவதாகச் சொன்னான். டப்பாவில் என் பெயர், காலண்டரில் என் படம், கார்த்திகை மாதம் பாராட்டு விழா, அதே மேடையில் மாவு வெளியீடு. எல்லாவற்றையும் கைப்பேசியில் படமாகவே காட்டினான். எனக்குக் கூச்சமாக இருந்தது என்று சொன்னால் அது அடுத்த பொய். உள்ளே குளிர்ந்துபோனேன்.

"மாவுக்கு ஒவ்வொரு லோடும் டெஸ்ட் பண்ணுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுக்கு எதுக்கு மேடம் டெஸ்ட்டு? இருவத்தேழு வருசமா நீங்க பண்ணின டெஸ்ட்டு இருக்கே. உங்க பேப்பரைக் காட்டித்தான் வெளியூர் டீலரெல்லாம் புடிச்சிருக்கோம்" என்றான் மணிகண்டராஜ்.

அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்தபோது முதல் பக்கத்தில் நான் இருந்தேன், எனக்கு அடுத்த பக்கத்தில் பிள்ளையார்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, மேடையில் போட ஒரு வீடியோ வேண்டும் என்றார்கள். நான் மண்டியில் மூட்டைக்கு முன்னால் நின்று சாம்பிள் எடுப்பது போல. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தேன். வீடியோக்காரர் விளக்கை வைத்தார். "குத்தூசியை எடுங்க" என்றேன். மண்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கணக்கர் யோசித்து, சாமி அறைக்குள் போய் எடுத்து வந்தார். வருடாவருடம் ஆயுத பூசைக்குக் கழுவாமலே சந்தனம் வைத்திருக்கிறார்கள். பொட்டுக்கு மேல் பொட்டாகக் காய்ந்து, குழாயின் வாயே அடைத்துப் போயிருந்தது. அதில் ஒரு உளுந்துகூட நுழையாது.

"எவ்வளவு நாளா இதைத் தொடலை?" என்றேன்.

"தினமும் தொட்டுக் கும்புடுறோமே" என்றார் கணக்கர்.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு பெண் முறத்தோடு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கடலை பொறுக்கும் வேலைக்காரர்களில் தலைவி, பெயர் பஞ்சம்மாள். முறம் நிறையப் பருப்பு, ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே ரோஸ் நிறம்.

"அந்தத் துருப்புடிச்சதை ஏம்மா தொடுறீக? உங்களுக்கு வேண்டியது இந்தா இருக்குல்ல. உங்களுக்குப் போறதை நாந்தான எடுக்கது" என்றார்.

"இது எந்த மூட்டை?"

"எந்த மூட்டையா? எல்லா மூட்டையிலயும் நல்லதாப் பாத்துப் பொறுக்கினது. சுருங்கினது, கறுத்தது, ஓட்டை விழுந்தது, தோலு உரிஞ்சது, எதுவும் இருக்காது. எங்கையில ஒரு சொத்தை தப்பாது."

"எல்லாச் சாம்பிளையும் இப்படித்தான் பொறுக்குவீங்களா அக்கா?"

"பின்னே? மத்த மண்டிக்காரவுக சரக்கும் இங்கனதான் வரும். பஞ்சம்மா கையிபட்டாத்தான் காலேசுல நல்ல ரிசல்ட்டு வருதுன்னு பெரிய முதலாளி சொல்லிட்டாக. நீங்க வந்த வருசத்துலருந்து நாந்தான் பாக்கேன்."

"பொறுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனே."

பஞ்சம்மாள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "அது நீங்க பெருந்தன்மையா சொல்றது. அதுக்காக நாங்க அப்படியே அள்ளிக் குடுத்திருவமா? பொண்ணு பாக்க வர்றவுக முன்னால அழுக்குச் சேலையோடவா நிப்பாக?"

ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தேன். விருதுநகர்க் கடலையில் நஞ்சு இல்லாமல் போனதற்குக் கரிசல் காரணமில்லை, வெயிலும் காரணமில்லை, துவர்ப்பும் காரணமில்லை. விருந்தாளிக்கு நல்லதைத்தான் கொடுக்கவேண்டும் என்ற ஊர் வழக்கம் காரணம். அதை நான் முப்பத்தோரு கட்டுரையில் அறிவியலாக எழுதியிருக்கிறேன். எங்கள் நிலையத்துப் பண்ணையிலும் இதே கதைதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "ஆபீசுக்குப் போற காயி" என்று தனியாகப் பொறுக்கி வைப்பார்களாம். வீடியோக்காரர், "மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார்.

குத்தூசியை வாங்கி, குழாய்க்குள் கம்பி விட்டுச் சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். சாமி குத்தம் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அடுக்கில் கிடந்த முப்பது மூட்டைகளில் என் கையாலேயே குத்தினேன். மேலே, நடுவே, அடியே. வந்ததை வந்தபடியே பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

ஓய்வு பெறும் நாள் நெருங்கியதால் ஆய்வகப் பொறுப்பை நான் ஏற்கெனவே பிரீத்தியிடம் கொடுத்திருந்தேன். என் மாணவிகளில் கடைசி, கெட்டிக்காரி. கரிசல் காரணியில் பட்டம் வாங்கினவள். நான் அரைத்து வடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். கருவியில் ஓட்டுவதற்கு முன்பே புற ஊதா விளக்கைப் போட்டுக் காட்டினேன். அந்த நஞ்சு அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். இருபத்தேழு வருடத்தில் நம் ஊர்க் கடலையில் அந்த நீலத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று தட்டு முழுவதும் நீலம். கருவி அறுபத்திரண்டு என்றது. சட்டம் அனுமதிக்கும் அளவைப்போல் நாலு மடங்கு.

"சாம்பிள் யார் எடுத்தது மேடம்?" என்றாள் பிரீத்தி.

"நான்தான்."

"மண்டியோட லெட்டர் இருக்கா?"

"இல்லை."

"அப்போ ரெஜிஸ்டர்ல இதை எப்படி மேடம் ஏத்துறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைப்படி எடுத்த முதல் சாம்பிளுக்குப் பதிவேட்டில் இடமில்லை. அவள் சிரிக்கவில்லை. "மேடம், மாசி மாசம் எனக்குப் பதவி உயர்வு இண்டர்வியூ. என்னோட எல்லாப் பேப்பரும் இந்தக் காரணி மேலதான் இருக்கு" என்றாள்.

"நான் உன்னை ஏமாத்தலை பிரீத்தி. நானே ஏமாந்துபோனேன்."

"வெளியிலேருந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. என்னிடம் படித்தவள்தானே. அந்த வாரம் எனக்குள் ஒரே போராட்டம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயரோடு ஓய்வு பெறலாம். பிரீத்திக்குப் பதவி உயர்வு கிடைக்கும். ஆறு பேர் பட்டமும் பட்டமாகவே இருக்கும். யாருக்கும் தெரியாது. கடலை மட்டும் சோதிக்காமல் மாவாகி, பல் முளைக்காத வாய்களுக்குள் போகும். ஒரு பக்கம் என் மானம், இன்னொரு பக்கம் முகம் தெரியாத பிள்ளைகள். உடனே பிள்ளைகள் பக்கம் சாய்ந்தேன் என்று சொல்ல ஆசைதான். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் ஆய்விதழ்களுக்குக் கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட வேண்டும் என்று மண்டிக்குப் போனேன்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"டாக்டரம்மா, நாங்க ஒண்ணும் கலப்படம் பண்ணலையே. உங்களுக்குக் கெட்டதைக் குடுத்துட்டு நல்லதுன்னு சொன்னா அது துரோகம். நல்லதைத்தானே குடுத்தோம்?"

"எனக்கு நல்லதைக் குடுத்தீங்க. ஊருக்கு எதைக் குடுத்தீங்க அண்ணாச்சி?"

"ஊரு காலங்காலமா தின்னுக்கிட்டுத்தான் இருக்கு. எவன் செத்தான்?"

மணிகண்டராஜ் நடுவில் வந்தான். காலண்டர் ஆர்டர் முடிந்து பாதி லோடு ஏறிவிட்டது, டப்பாவும் அச்சாகிவிட்டது, சீசன் நேரத்தில் சிவகாசியில் இனி ஒரு மெஷின்கூடக் கிடைக்காது என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, பெரிய சலுகை கொடுக்கிறவன் முகத்தோடு சொன்னான்: "சரி மேடம். உங்க மன திருப்திக்காக ஒண்ணு பண்ணுவோம். இனிமே ஒவ்வொரு லோடுக்கும் சாம்பிள் அனுப்பிச்சிடுறோம். டெஸ்ட் பண்ணியே மாவு அரைப்போம். ஓகேயா?"

"சாம்பிளை யார் எடுப்பாங்க?"

"பஞ்சம்மாதான். அவுகளை விட்டா நல்லா எடுக்க யாரு இருக்கா?"

இவர்கள் அயோக்கியர்களாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வந்த உடனே கடிதங்களை அனுப்பினேன். அறுபத்திரண்டு என்ற எண்ணையும், நான் சாம்பிள் எடுத்த விதத்தையும் எழுதி உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு பதிவுத் தபால் போட்டேன்.

விழாவை நிறுத்த முடியவில்லை. அழைப்பிதழ் கொடுத்தாயிற்று, சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று. சமையல்காரருக்குச் சொல்லிவிட்ட பிறகு எங்கள் ஊரில் எந்த விழாவும் நின்றதில்லை. மண்டபத்தில் இருநூறு பேர். முன்வரிசையில் வெளியூர் டீலர்கள், பின்வரிசையில் மண்டிப் பெண்கள். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு என் காலண்டர் படம். ஏழு பேர் என்னைப் புகழ்ந்தார்கள். ஒருவர் நான் உலகப் பரிசு வாங்கியிருக்க வேண்டியவள் என்றும், டெல்லிக்காரர்கள் சதி செய்துவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு மைக் என்னிடம் வந்தது.

சுற்றி வளைக்கவில்லை. "நான் கண்டுபிடித்ததாகச் சொன்னது தவறு. நம் கடலைக்கும் மற்ற ஊர்க் கடலைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. எனக்கு வந்த கடலையெல்லாம் பொறுக்கி எடுத்தது. பொறுக்கி ஒதுக்கிய சொத்தையில்தான் நஞ்சு இருந்தது. அந்த நஞ்சு இருக்கிற கடலையைப் பல வருடம் தின்றால் ஈரலைக் கெடுக்கும், புற்றுகூட வரும். குடியே தொடாதவருக்கும் வரும். மூன்று வாரம் முன்பு நானே இந்த மண்டியில் எடுத்துப் பார்த்தேன், அளவுக்கு நாலு மடங்கு இருக்கிறது. முறையாகச் சாம்பிள் எடுத்துச் சோதிக்காமல் இந்த மாவை ஒரு பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். என் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுவிட்டேன்" என்றேன்.

விழாவுக்குத் தலைமை தாங்கியவர் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. "எம்புட்டுப் பெரிய படிப்பு, எம்புட்டுத் தன்னடக்கம் பாருங்க. நான் ஒண்ணுமே கண்டுபிடிக்கலைங்காக" என்று அவர் தழுதழுத்தார். டீலர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மணிகண்டராஜ் அதைக் கவனித்துவிட்டான். மைக்கை வாங்கினான். "மேடம் சொன்னதோட அர்த்தம் இதுதான். நம்ம கடலையோட ரகசியம் கையால பொறுக்குறது. இனிமே நம்ம மாவு மெஷின்ல சலிச்ச கடலையில கிடையாது, கையால பொறுக்கின கடலையில மட்டுந்தான்" என்றான். பஞ்சம்மாளை மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு வாங்கி வைத்திருந்த இரண்டாவது பொன்னாடையை அவருக்குப் போர்த்தினான். முதல் தடவையைவிடப் பெரிய கைதட்டல். மாவு வெளியீடு தைக்கு ஒத்திவைக்கப்பட்டது. நஞ்சுக்காக அல்ல, டப்பாவில் என் படத்தை எடுத்துவிட்டுப் பஞ்சம்மாள் படத்தைப் போடுவதற்காக.

எப்படியோ, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு மனுஷியால் முடிந்த அளவு செய்தாயிற்று என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பந்திக்குப் போகாமல் மண்டபத்துப் பின்வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பஞ்சம்மாள் வந்தார். பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சொத்தையில விசம் இருக்குன்னீகளே. நெசந்தானா?"

"ஆமா அக்கா."

"வறுத்தாலுமா?"

"வறுத்தாலும்தான். ஏன் கேக்குறீங்க?"

"உங்களுக்குப் பொறுக்கினது போக ஒதுக்குனது எனக்குத்தாம்மா. கூலி போக இதையும் வச்சிக்கோன்னு பெரிய முதலாளி சொன்னாக. வாராவாரம் வீட்டுக்குக் கொண்டு போவேன்."

வேதியியலில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள், எந்தப் பொருளும் காணாமல் போவதில்லை, இங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கும் என்று. எனக்கு வந்த கடலையை இருபத்தேழு வருடம் அளந்தேன். அதிலிருந்து எடுத்தது எங்கே போனது என்று அன்று மண்டியில் பஞ்சம்மாளைப் பார்த்த பிறகும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"யார் சாப்பிட்டாங்க?" என்றேன்.

"பிள்ளைக கசக்குதுன்னு தொடாதுக. எங்க வீட்டுக்காரருதான். பத்திரகாளின்னு பேரு. சிவகாசியில தீப்பெட்டிக் கம்பெனியில லோடு ஏத்துனாரு. வறுத்து டப்பாவுல போட்டுக் குடுப்பேன், வேன்ல போகும்போதும் வரும்போதும் கொறிச்சிக்கிட்டே இருப்பாரு. கசப்பையெல்லாம் பாக்க மாட்டாரு."

"இப்போ எப்படி இருக்காரு?"

"போயி பன்னெண்டு வருசமாச்சு. வயிறு வீங்கிருச்சு. பெரியாஸ்பத்திரியில பாத்துட்டு ஈரல்ல கட்டின்னாக. எம்புட்டு வருசமா குடிக்காருன்னு எங்கிட்டத்தான் கேட்டாக."

ஒரு ஆளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஈரல் கெடுவதற்கு நூறு காரணம் உண்டு என்று சொல்ல வாய் வந்தது. இருபத்தேழு வருடம் தப்பைத் துணிந்து எழுதியவளுக்கு அந்த நிமிடத்தில்தான் விஞ்ஞானியின் எச்சரிக்கை எல்லாம் வந்து சேர்ந்தது. வெட்கமாக இருந்தது. இருநூறு பேர் முன்னால் சொன்னதை இந்த ஒரு பெண்ணிடம் சொல்ல முடியவில்லை. அவர் போகாமல் நின்றார்.

"இதனாலயும் வந்திருக்கலாம் அக்கா" என்றேன்.

பஞ்சம்மாள் தலையை மெதுவாக ஆட்டினார். அழவில்லை. பந்தியில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு சொட்டு தொட்டதில்லைன்னு பிள்ளைக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரும்மா. குடிச்சுக் குடும்பத்தைக் கெடுத்ததும் பத்தாதுன்னு பொய்ச் சத்தியம் வேற பண்றாருன்னு நெனச்சேன். கடைசி மூணு மாசம் நான் அவருகிட்டப் பேசவே இல்ல."